யூலையில் ஆடலாமா?

ஸ்பானிய மொழியில் சல்சா என்றால் குழம்பு. தொட்டுக்கொள்ளும் சாறு என்றும் சொல்லலாம். கியூபாவின் சொன், மம்போ, சச்சச்சா ஆகியவற்றோடு புவேர்ட்டோ ரிக்கோவின் பொம்பாவையும் பிளேனாவையும் சேர்த்து, நியூயோர்க்கின் ஜாஸ் இசையையும் கலந்து, ஒரே சட்டியில் கொதிக்கவிட்டவர்கள் 1960களிலும் 70களிலும் அதனை இறக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஒட்டிய பெயர்ச்சீட்டு அது. அந்த இசையின் பெரும் ஆளுமைகளில் ஒருவரான டிட்டோ புவென்டேக்கு இந்தப் பெயர் கடைசி வரை பிடிக்கவில்லை. அது சாப்பாட்டில் ஊற்றிக்கொள்வது, வாசிப்பதற்குரியதன்று என்ற பொருள்படப் பல தடவைகள் எரிச்சலுடன் சொல்லியிருக்கிறார். அவர் வாசித்தது மம்போ. ஆனால் பெயரிடும் உரிமை எப்போதும் விற்பவனிடமே இருக்கிறது. இது பத்திரிகைத் தொழிலிலும் நாம் கண்ட உண்மைதான்.

அரசியல் எழுதியே பழகிய கை திடீரென்று நடனத்தைப் பற்றி எழுதுவதேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எழுதப் போவது நடனத்தைப் பற்றி மட்டுமல்ல.

கறுப்பு யூலையின் நாற்பதாவது ஆண்டு நினைவையொட்டி 2023 யூலையில் ரொரன்ரோவில் இருந்தேன். நினைவு நாட்கள் மாதத்தின் பிற்பகுதியில். அதற்கு முன் உறவினர் வீடுகளுக்கு ஏறி இறங்கவேண்டிய கடமை ஒன்று இருந்தது. ஒன்றுவிட்ட தங்கையின் மகள் ஒருத்தி, ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள், “மாமா, சனிக்கிழமை என்னோட வாங்கோ, உங்களுக்கு ஒரு இடம் காட்டுறன்” என்று அழைத்துச் சென்ற இடம் சென் கிளயர் மேற்கு வீதி. 2005ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அங்கே ஒரு வார இறுதி முழுவதும் வாகனங்களை நிறுத்திவிட்டு வீதியைச் சல்சா ஆடுவோரிடம் கையளித்துவிடுகிறார்கள். ட்ராம் வண்டி தன் பாதையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. நுழைவுச்சீட்டு இல்லை.

அன்றிரவு, நான் தங்கியிருந்த வீட்டுக்கு வந்திருந்த மூத்தவர் ஒருவர் செய்தியைக் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, யூலை மாதத்தில ஆட்டமும் பாட்டமுமோ?” என்றார். பகிடியாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அது பகிடியன்று. 83இல் வெள்ளவத்தையில் தம் அச்சகம் எரிவதை எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அவர். அக்கேள்வியைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. மறுமொழியாக அன்று நான் ஏதும் கூறவில்லை. மூத்தவர்களுடன் இரவு உணவு வேளையில் விவாதம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கமன்று. ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. புலம்பெயர்ந்த தமிழர் நடத்தும் கூட்டங்களில் வெவ்வேறு உருவங்களில் அது திரும்பத் திரும்ப எழுவதைக் கேட்டிருக்கிறேன். மே மாதத்தில் கலியாணம் வைக்கலாமா, நவம்பரில் பிறந்தநாள் கொண்டாடலாமா, இத்தனை இழப்புக்குப் பிறகு இத்தனை வெளிச்சம் தேவையா? துக்கம் காக்கும் ஓர் இனம் தன் உடம்பை என்ன செய்ய வேண்டும் என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள வினா.

முதலில் அந்த வீதியில் யார் ஆடினார்கள் என்பதைப் பார்ப்போம்.

கொலம்பியர், எக்குவடோர்காரர், சல்வடோரியர், கியூபர், வெனிசுவேலர், சிலியர். இவர்களில் யார் உல்லாசப் பயணியாகக் கனடாவுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்? 1973 செப்டெம்பர் 11இல் சன்ரியாகோவில் அதிபர் மாளிகைமீது விமானங்கள் குண்டு வீசி அயெண்டேயின் ஆட்சி கவிழ்க்கப்பட்டதன் பின் ஏழாயிரம் பேரளவில் சிலியர்கள் கனடாவுக்கு வந்தார்கள். எல் சல்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் மாண்டனர். தப்பியோடியவர்கள் வடக்கு நோக்கி நடந்த அதே 80களில்தான் நம்மவர்களும் கடல் வழியாக வந்தார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அப்பகுதி மீனவர்கள் கரைசேர்த்த கதை நமக்குத் தெரியும். கொலம்பியாவின் போர் எங்கள் போரைவிட நீண்டது. அரசுக்கும் பிரதான கெரில்லா இயக்கத்துக்கும் இடையே அங்கு உடன்படிக்கை ஏற்பட்டது 2016இல். எங்கள் வீதிகளில் நிகழ்ந்த அனைத்தும் அவர்களுடைய வீதிகளிலும் நிகழ்ந்துள்ளன: வெள்ளை வான் என்று பெயரில்லாவிட்டாலும் வாகனம் வந்தது, ஆள் காணாமற்போனது, தாய் புகைப்படத்தோடு நின்றாள்.

அவர்கள் ஆடினார்கள். மறந்துவிட்டு ஆடினார்கள் என்று எண்ணுவோர் சிலியின் கதையை அறியவேண்டும்.

சிலியரின் சொந்த ஆடல் சல்சா அன்று, குவேக்கா. ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசியவாறு ஒருவரையொருவர் சுற்றிவரும் சோடி நடனம் அது. இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியரும் தாய்மாரும் 1978 மார்ச் 8 அன்று சன்ரியாகோவின் கவுப்பொலிக்கான் அரங்கில் அந்தச் சோடி நடனத்தைத் தனியே ஆடினார்கள். கறுப்புப் பாவாடை, வெள்ளை மேற்சட்டை, நெஞ்சில் குத்திய கணவனின் புகைப்படம், கையில் கைக்குட்டை, எதிரே வெறுமை. ஆண் நிற்கவேண்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எந்தத் துண்டுப் பிரசுரத்தாலும் சொல்ல முடியாததை அந்த வெற்றிடம் சொன்னது. அடுத்த ஆண்டு, 1979இல், பினோசே அரசு அதே குவேக்காவைத் தேசிய நடனமாகப் பிரகடனம் செய்தது. ஆட்சியாளர்களுக்கு ஆடலின் பலம் நன்றாகவே தெரிகிறது. பாதிக்கப்பட்ட மக்களிடந்தான் ஆடல் கூடாது என்கிறோம்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்த நாளிலிருந்து அந்தத் தாய்மாரின் புகைப்படங்கள் எங்கள் பத்திரிகைகளின் பக்கங்களை எத்தனையோ முறை நிறைத்துவிட்டன. அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள், நிற்கிறார்கள், அழுகிறார்கள், தரையில் புரள்கிறார்கள். ஒருவேளை அவர்களுடைய பாட்டிமாருக்கு இருந்த ஒரு மொழி இவர்களிடமிருந்து பறிபோயிருக்கலாம் என்று அந்தச் சிலி நாட்டுப் பெண்களைப் பற்றி வாசித்தபோது தோன்றியது. எங்கள் ஊர்ச் சாவீடுகளில் பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்ததும் தாளம் தவறாமல் மாரில் அடித்துக்கொண்டதும் உடலசைவு இல்லையா? வாசலில் பறை முழங்கியது எதற்கு? துக்கத்தையும் ஆட்டத்தையும் எங்கள் மரபு எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தியவர்கள் பின்னால் வந்த நாங்கள், படித்தவர்கள்.

சல்சாவுக்கு வருகிறேன். அந்தத் தெருவில் கேட்ட இசைக்கு அடியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது இரண்டு தடித்த மரக்குச்சிகளின் ஓசை. கிளாவே என்பார்கள். ஒரு சுற்றில் ஐந்து தட்டு. முன்பாதியில் மூன்று, பின்பாதியில் இரண்டு. அல்லது மாறி, முன்னே இரண்டு பின்னே மூன்று. வாத்தியக்காரர் பதினைந்து பேர் இருந்தாலும் அந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டே வாசிக்கவேண்டும். குச்சியை எவரும் தட்டாதபோதும் அது எல்லோர் உள்ளத்திலும் ஓடும். ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு இந்தத் தாளத்தைத் தம் உடம்பிலேயே வைத்துக் கொண்டுவந்தார்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886இல். அதற்குப் பிறகும், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில், ஆபிரிக்க மேளங்களைப் பொதுவிடத்தில் முழக்குவது அநாகரிகம் என்று கருதி அதிகாரிகள் ஒடுக்கினார்கள். கறுத்தவனின் மேளம் என்பதே குற்றம். பறையை இன்றும் சாவீட்டு வாசலுக்கு அப்பால் உள்ளே விடாத நாங்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை.

கியூபப் புரட்சி 1959இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடை 1962இல் முழுமையானது. ஹவானாவிலிருந்து நியூயோர்க்குக்கு இசை வந்துகொண்டிருந்த வாசல் அடைபட்டது. அப்போது நியூயோர்க்கில் இருந்த புவேர்ட்டோ ரிக்கோ ஏழைகள், தங்களுக்கு எஞ்சிய இசைத்தட்டுகளையும் நினைவையும் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் சமைத்தார்கள். டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஜொனி பசெக்கோ என்ற வாத்தியக்காரரும் இத்தாலிய வம்சாவளி வழக்கறிஞரான ஜெரி மசூச்சியும் 1964இல் ஆரம்பித்த ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அதை உலகுக்கு விற்றது. 1973 ஓகஸ்டில் யாங்கி விளையாட்டரங்கில் அவர்களுடைய குழு வாசித்தபோது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்ததால் நிகழ்ச்சியை இடைநடுவில் நிறுத்தவேண்டியதாயிற்று. கியூபாவை விட்டு 1960இல் வெளியேறிய செலியா குரூஸ் இந்த இசையின் அரசியெனக் கொண்டாடப்பட்டார். 1962இல் தாய் இறந்தபோது ஈமச்சடங்குக்குச் செல்ல அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இந்த ஒரு வரியை வாசிக்கும் புலம்பெயர்ந்த தமிழர் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. வட்ஸ்அப்பில் தாயின் தகனத்தைப் பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! அந்த அம்மையார் 2003இல் இறக்கும்வரை மேடையில் ஆடிக்கொண்டே பாடினார். அவர் தாயை மறந்துவிட்டார் என்று யார் சொல்வார்?

அந்தப் பாடல்களின் பொருளும் கவனிக்கத்தக்கது. வில்லி கொலோனும் ரூபன் பிளேட்ஸும் இணைந்து 1978இல் வெளியிட்ட ‘சியெம்ப்ரா’ இசைத்தட்டில் உள்ள ‘பெத்ரோ நவாகா’ என்ற பாடல், ஒரு தெருச் சண்டியனும் ஒரு விலைமாதும் ஒருவரையொருவர் கொன்றுகொள்ளும் கதை. அதற்குத்தான் உலகமெங்கும் இடுப்பை அசைக்கிறார்கள். இங்கே ஒரு பக்கக் குறிப்பு: பாடகர் பிளேட்ஸ் ஹார்வார்டில் சட்டம் படித்தவர்; 1994இல் பனாமாவின் அதிபர் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றவர்; 2004 முதல் 2009 வரை அந்நாட்டின் சுற்றுலா அமைச்சர். எங்கள் நாட்டிலும் பாடகர்கள் பாராளுமன்றம் சென்றதுண்டு. எந்த வரிசையில் என்ன நடந்தது என்ற ஒப்பீட்டை வாசகர்களிடமே விடுகிறேன்.

இனி, கண்ட காட்சிக்கு வருவோம். வீதியின் நெடுகிலும் ஆங்காங்கே மேடைகள் இருந்தன. ஆனால் மக்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதுவே பெரிய செய்தி. எழுபது வயது மூதாட்டி ஒருவர் தம் பேரனின் வயதொத்த இளைஞனோடு ஆடினார். வயிறு பெருத்த ஒருவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சூடான தாரில் காலுறையோடு ஆடினார். சக்கரக் கதிரையில் இருந்த ஒரு பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி சுழன்றாள். ஆடத் தெரியாதவர்களுக்குத் தெருவிலேயே பாடம்: ஒன்று இரண்டு மூன்று, நான்குக்கு நில், ஐந்து ஆறு ஏழு, எட்டுக்கு நில். அந்த நிற்றலில்தான் சல்சாவின் இரகசியம் இருக்கிறதென்று மருமகள் சொன்னாள். பக்கத்தில் சோள மாவில் சுட்ட அரேப்பாவும், எங்கள் ரொட்டிக்குள் பயற்றங்காய் விதையும் பாற்கட்டியும் வைத்துத் தட்டியதுபோன்ற சல்வடோர் புபூசாவும் விற்றார்கள். வியர்வையும் புகையுமாக ஓர் ஊர்த் திருவிழாவின் வாசனை.

ஒலிபெருக்கியில் இருந்தவர் அடிக்கடி “பைலா! பைலா!” என்று கத்தினார். ஆடு, ஆடு என்று பொருள். இலங்கையிலிருந்து போன எந்தக் காதும் அச்சொல்லில் ஒரு கணம் நிற்காமல் போகாது. 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயரின் சொல் அது. அவர்களோடு வந்த ஆபிரிக்கரின் தாளம் அது. புத்தளத்துச் சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் இன்றும் பாடுகிறார்கள். மட்டக்களப்பின் பறங்கியர் கலியாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள். வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் 1940களில் அதைச் சிங்களப் பாடலாக்கி நாடெங்கும் பரப்பினார். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’க்கு 70களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கைதட்டியதும் அந்தத் தாளத்தின் சாயலுக்குத்தான். ஆபிரிக்கத் தாளமும் ஐபீரிய நரம்பிசையும் ஒரு தீவில் சந்தித்தால் என்ன பிறக்கும் என்பதற்குக் கியூபா ஒரு விடை, இலங்கை இன்னொரு விடை. அவர்களுடைய விடை உலகெங்கும் சென்றது. எங்களுடையது தனியார் பஸ் வண்டியிலும் சுற்றுலாப் பயணத்திலும் குடித்தவர்களின் விருந்திலும் தங்கிவிட்டது. தமிழர்களாகிய நாங்கள் அதையும் ‘அவர்களுடையது’ என்று ஒதுக்கிவைத்தோம்.

ஆணும் பெண்ணும் தொட்டு ஆடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையன்று. எங்கள் சமூகத்தின் முதல் ஆட்சேபம் அதுதான். மற்ற நியாயங்கள் எல்லாம் அதற்குப் பிறகு தேடிக்கொண்டவை. நான் நின்று கவனித்தேன். ஒருவர் மற்றவரிடம் கை நீட்டிக் கேட்கிறார். விருப்பமில்லையெனில் இல்லை என்று தலையசைக்கலாம். கேட்டவர் புன்னகையோடு விலகிவிடுகிறார். சம்மதித்தால் ஒரு பாட்டு, நாலைந்து நிமிடம். முடிந்ததும் நன்றி சொல்லிப் பிரிந்துவிடுகிறார்கள். பெண்களும் ஆண்களைக் கேட்கிறார்கள். இங்கே தொடுகைக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, முடிவும் இருக்கிறது. கொழும்பில் மாலை ஐந்தரை மணிப் பஸ்ஸில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், தொடுகைக்கு எங்களிடம் என்ன இலக்கணம் இருக்கிறதென்று. தொடாத பண்பாடு எங்களுடையது என்று மார்தட்டுவோர் அந்தப் பஸ்ஸில் ஏறுவதில்லைப் போலும்.

எல்லோரும் சல்சா ஆடவேண்டும் என்று நான் வாதிடவில்லை. சல்சாவுக்கும் அதன் நோய்கள் உண்டு. வார இறுதிச் சல்சா விழாக்கள் என்று உலகெங்கும் இப்போது நடப்பவற்றிற் பெரும்பாலானவை சென் கிளயர் வீதி போன்றவை அல்ல. 1997இல் புவேர்ட்டோ ரிக்கோவில் கூடிய முதலாவது உலகச் சல்சா மாநாட்டுக்குப் பிறகு அது ஒரு கைத்தொழிலாகிவிட்டது. நட்சத்திர விடுதியின் மண்டபம், மூன்று நாள் அனுமதி அட்டை, பகலில் பயிற்சி வகுப்பு, இரவில் மினுமினுக்கும் உடையில் காட்சி, பின் விடியும்வரை ஆட்டம், பக்கத்து அறைகளில் பச்சாத்தாவும் அங்கோலாவின் கிசோம்பாவும். ஆடற்சோடிகள் ஒருவரையொருவர் தலைக்குமேல் தூக்கி எறிகிறார்கள். பார்ப்போர் தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள். ஹாலெமிலும் ஹவானாவிலும் ஏழைகளின் முற்றத்தில் பிறந்தது, பல நூறு டொலர் அட்டை வைத்திருப்போரின் பொழுதுபோக்காகி நிற்கிறது. கறுத்த முகங்கள் அங்கே மேடையில் இருக்கும் அளவுக்குத் தரையில் இருப்பதில்லை. மருமகளே இவ்வாறான விழா ஒன்றுக்கு ஒரு முறை போய்விட்டு, அங்கே ஆடத் தெரிந்தவர்களைவிட ஆடிக்காட்டத் தெரிந்தவர்களே அதிகம் என்று சொன்னாள். அந்த வேறுபாட்டை அவள் தமிழில் அத்தனை துல்லியமாகச் சொன்னது எனக்கு மகிழ்ச்சியளித்தது.

ஆடுவதும் ஆடிக்காட்டுவதும். எங்கள் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

புலம்பெயர்ந்த தேசங்களில் தமிழ்ப் பிள்ளைகள் ஆடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரொரன்ரோவில், லண்டனில், பாரிஸில், சிட்னியில் வாரந்தோறும் பரதநாட்டிய அரங்கேற்றங்கள். மண்டபம், பக்கவாத்தியம், சென்னையிலிருந்து வரவழைத்த உடைகள், மூன்று முறை உடைமாற்றம், அழைப்பிதழ், ஐந்நூறு பேருக்கு விருந்து. ஒரு மோட்டார் வாகனம் வாங்கும் பணம் ஓரிரவில் செலவாகிறது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பல்கலைக்கழக அனுமதிக்குரிய பாடங்களைப் படிக்கத் தொடங்குகிறாள். சலங்கை பெட்டிக்குள் போகிறது. பலருக்கு அது முதலும் கடைசியுமான ஆட்டம். அரங்கேற்றம் என்ற சொல்லின் பொருள் தொடக்கம் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் அந்தக் கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதைப் பத்து வருடம் கற்ற ஒருத்திக்கு, தன் சொந்தத் தமையனின் கலியாணத்தில் எப்படி ஆடுவதென்று தெரியாமலிருப்பதைச் சொல்கிறேன். அங்கே சினிமாப் பாட்டுப் போடுகிறார்கள். பெரியவர்கள் கதிரையில் இருந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் பம்பாய்க்காரரைப் பார்த்துப் பழகியதை ஆடுகிறார்கள்.

எங்களிடம் இல்லாமலா இருந்தது? கும்மி யாருடையது? கோலாட்டம்? காவடியை யார் ஆடினார்? மட்டக்களப்பில் கோலேந்திச் சுற்றிவரும் வசந்தன் ஆட்டத்துக்கும், கியூபாவில் சோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் சோடியை அடுத்தவருக்குக் கைமாற்றிச் சுழலும் ‘ரூவேடா’வுக்கும் வட்டத்தின் தத்துவம் ஒன்றுதான். வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடிய விடிய ஆடியவர்கள் கமக்காரர்கள், மீனவர்கள், தச்சர்கள். வட்டக்களரியைச் சூழ இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தின் தாளக்கட்டு வாயில் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று கூத்தை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார். மௌனகுரு இராவணனாக ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றிய வியப்பு, நான் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்திலும் ஓயவில்லை. அந்தப் பணி இல்லாதிருந்தால் படித்த தமிழன் கூத்தைக் கூத்தாடிகளின் சங்கதி என்றே தள்ளியிருப்பான். ஆயினும் அதற்கொரு விலையும் இருந்தது. வட்டக்களரி நாற்சதுர மேடையாயிற்று. இரவு முழுவதும் ஓடியது ஒன்றரை மணி நேரமாயிற்று. சுற்றியிருந்தவர் முன்னால் இருந்தவர் ஆனார். பின்னாளில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவரது தோழர்களும் கூத்தைக் கிராமத்தவரிடமே வைத்து மீளுருவாக்கம் செய்ய முனைந்தபோது எழுந்த விவாதத்தின் சாரமும் இதுவே: யார் ஆடுகிறார், யாருக்காக ஆடுகிறார்? அந்த விவாதத்தைக் கல்விமான்களின் சச்சரவு என்று பத்திரிகைகள் அன்று உட்பக்கத்தில் போட்டன. அது முதற்பக்கத்துக்கு உரியது என்பது என் அபிப்பிராயம்.

‘கூத்தாடி’, ‘ஆட்டக்காரி’, ‘கூத்தடிக்கிறான்’ என்று எங்கள் மொழியில் ஆடலோடு தொடர்புடைய வசைகளை எண்ணிப் பாருங்கள். ஆடுவதை ஒரு சாதிக்குரிய தொழிலாக்கி, அந்தச் சாதியை இழிவாக்கி, பிறகு அந்தக் கலையின் ஒரு பகுதியை மட்டும் கழுவி எடுத்து மேட்டுக்குடிப் பெண்பிள்ளைகளின் தகைமைப் பத்திரமாக மாற்றிய ஒரு சமூகம், மாண்டவர்களுக்காகத்தான் தான் ஆடாமலிருப்பதாக இப்போது சொல்லிக்கொள்கிறது. மாண்டவர்கள் வருவதற்கு முன்பும் அது ஆடவில்லை.

அச்சகத்தை இழந்த பெரியவருக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஆனால் நினைவு நாளன்று மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். உரைகள் ஐந்து, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஒரு நிமிட அகவணக்கம். பின்வரிசையில் இருந்த இளைஞர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். தம் சனிக்கிழமை மாலையை விட்டு அங்கே வந்திருந்தார்கள். அவர்களுடைய உடம்பு செய்வதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எழுந்து நின்று இருப்பதைத் தவிர. நாற்பது ஆண்டுத் துக்கத்தை, அதைக் காணாத ஒரு தலைமுறைக்குக் கையளிக்க நாங்கள் கண்டுபிடித்த வழி, கதிரைகளை வரிசையாக அடுக்குவது.

நீங்கள் ஆடினீர்களா என்று கேட்பீர்கள். ஆடினேன், பத்து நிமிடம். மருமகள் கையைப் பிடித்து இழுத்தபோது மறுக்க முடியவில்லை. ஒன்று இரண்டு மூன்று சரியாக வந்தது. நான்கில் நிற்பது கடினம்.

மார்க்கம் வீதியில் 2015 முதல் ஓகஸ்டில் தமிழர் தெருவிழா நடந்துவருகிறது. அங்கேயும் வீதியை மூடுகிறார்கள். கொத்து ரொட்டியின் ஓசை நெடுந்தூரம் கேட்கிறதாம். தெரு இருக்கிறது, சனம் இருக்கிறது, பறை பயின்ற இளைஞர்களும் ரொரன்ரோவில் இருக்கிறார்கள். நூறடி நீளத்துக்கு மேடையோ கதிரையோ இல்லாமல் வட்டமாக விட்டு, ஓர் அண்ணாவியாரை நடுவில் நிறுத்தி, கும்மியடிக்கத் தெரிந்த நாலு ஆச்சிமாரை அவரோடு சேர்த்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலாவது அடியை மட்டும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாம். ஆச்சிமாருக்கு வயதாகிக்கொண்டு போகிறது.